நான்காவது எலுமிச்சை

உருண்டுகொண்டே இருக்கிறது அந்த எலுமிச்சம்பழம், பவுண்டரியின் கரிமணல் தரையில், மூன்று பேர் நசுங்கிச் செத்த இடத்திலிருந்து தப்பித்து வந்த நாலாவது ஆள் மாதிரி, அவசரமே இல்லாமல், பூசாரியின் தாம்பாளத்தைச் சுற்றி, முதலாளியின் செருப்பை உரசி, கடைசியில் வசந்தாமணியின் பட்டுப்புடவைக் கரையில் முட்டி நிற்கிறது, அவள் குனிந்து எடுக்கிறாள், நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க வேண்டியது வேறு நிறைய இருந்தது, என் முன்னால் பம்புசெட் வார்ப்புகளின் அடுக்கு சரிந்து கிடந்தது, அந்த அடுக்குக்குள் காரின் மூக்கு போயிருந்தது, காருக்குள் நான் இருந்தேன், ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி, பந்தயக் காரில் உட்கார்ந்து நான் ஓட்டிய மொத்தத் தூரம் ஒன்பது அடி, அளந்து சொன்னவர் முதலாளி சென்னியப்பன், டேப் வைத்து அளக்கவில்லை, காலால் அளந்தார், அடிக்கு ஒரு வசவு, ஒன்பதாவது அடியில் வசவு தீர்ந்துபோய், ஏன்டா, எலுமிச்சம்பழம் நசுக்கறதுக்கு இத்தனை வேகம் எதுக்குடா, என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார், முப்பத்தெட்டு வருஷமாக அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், மணி பத்து இருபது, நாலு சக்கரத்துக்கு முன்னால் நாலு பழத்தை வைத்துவிட்டுப் பூசாரி கடிகாரத்தையே பார்க்கிறார், டிராக்டரோ மொபெட்டோ எதுவாக இருந்தாலும் பழம் நசுக்காமல் தெருவில் இறக்காத ஊர், பந்தயக் காரை மட்டும் விட்டுவிடுமா, ஏறி உட்கார வேண்டியவள் வசந்தாமணி, முதலாளியின் ஒரே மகள், அந்தக் கார் கட்டப்பட்டதே அவள் சோழவரம் பந்தயத்தில் ஓட்டுவதற்காக, ஆனால் பூசைக்குப் பட்டுதான் கட்ட வேண்டுமென்று அவள் அம்மா ஒற்றைக் காலில் நின்றதால் அந்தப் பள்ளத்து ஸீட்டுக்குள் அவளால் இறங்க முடியவில்லை, மேஸ்திரி, நீ ஏறு, என்றாள், நான் மேஸ்திரியும் இல்லை ஒன்றும் இல்லை, இருபத்தாறு வயசு, மரத்தில் அச்சு செதுக்குகிறவன், கேலிக்கு அப்படிக் கூப்பிடுவாள், நான் அவளை அம்மிணி என்பேன், எனக்கு ஓட்டத் தெரியாதுங்க அம்மிணி, என்றேன், உன்னை யாரு ஓட்டச் சொன்னா, நசுக்கத்தான சொன்னேன், என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், பூசைக்கென்று கால் கழுவிக்கொண்டு வந்திருந்தேன், உள்ளங்கால் ஈரம், பந்தயக் காரின் கிளட்ச் கோபக்காரன் மாதிரி, பாதி என்பதே அதற்குத் தெரியாது, ஈரக்கால் வழுக்கியது, அல்லது வழுக்கியது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன், சொல்லிச் சொல்லி எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது, அன்று மத்தியானம் அவள் என்னைத் திட்டவில்லை, தப்பித்து வந்த அந்தப் பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு ஒரு டம்ளர் நீட்டினாள், நாலாவது பழத்தை நான் குடித்துவிட்டேன், அதன் புளிப்பு இன்னும் பல்லில் இருக்கிறது, பல்லில் பாதி போய்விட்டது, புளிப்பு மட்டும் போகவில்லை.

சார், இதுக்குள்ள ஒட்டுப் போட்டிருக்கே, என்கிறது ஒரு குரல், யாருடைய குரல், முதலாளியுடையதா, இல்லை, அவர் போய்ப் பதினான்கு வருஷம், இது அபிலாஷ், சென்னையிலிருந்து வந்தவர், யாரோ ஒரு பெரிய மனிதருக்காக ஊர் ஊராகப் போய்ப் பழைய பந்தயக் கார்களைத் தேடி வாங்கித் தருவது அவர் வேலை, என் லேத் பட்டறைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில், சிமெண்டுத் தரையில், வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துக் காரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வந்ததும் காரைப் பார்த்து அவர் கும்பிட்டதைப் பார்த்து நான் கொஞ்சம் பயந்துவிட்டேன், இது மாதிரி இன்னொண்ணு கிடையாது சார், பந்தயத்துக்குன்னே கட்டி ஒரு பந்தயத்துலகூட ஓடாத கார், ஓடாததுதான் சார் இதோட மதிப்பே, என்றார், ஓடாததற்கு மதிப்பு உண்டென்றால் என்னையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது, அதற்குள் அடுப்படியிலிருந்து தெய்வானை சொன்னாள், என்னங்க, மூத்தாளைப் பொண்ணு பாக்க வந்துட்டாங்களாட்ட இருக்குது, தெய்வானை என் மனைவி, கல்யாணமாகி வந்த அன்றே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, பேருக்கு நான் தெய்வானை, ஆனா எனக்கு முன்னாடியே இங்கொருத்தி இருக்கறாளே, என்று சொன்னவள், அன்றையிலிருந்து அந்தக் காருக்கு மூத்தாள் என்றே பேர், மூத்தாளுக்கு எண்ணெய் விட்டாச்சா, மூத்தாளைத் தொடச்சது போதும் சோத்துக்கு வாங்க, வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு நான் இன்ஜினைக் கிளப்பிக் கால்மணி நேரம் ஓட விட்டு அணைப்பேன், கியர் மட்டும் போட மாட்டேன், ஒரு தடவை போட்டதே போதும், அவள் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து கதவில் இருக்கும் வெள்ளை வட்டத்துக்கு நடுவில் பொட்டு வைப்பாள், அது பந்தய எண் எழுத விட்ட வட்டம், எண் வரவே இல்லை, காரோ கத்திரிப்பூ நிறம், வசந்தாமணி தேர்ந்தெடுத்தது, கத்திரிப்பூக் கன்னத்தில் வெள்ளை வட்டம், வட்டத்தில் பொட்டு, பார்த்தால் பெண்பிள்ளை போலத்தான் இருக்கும்.

அபிலாஷ் எழுந்து உட்கார்ந்து ஒரு பாரத்தை நீட்டினார், மூன்று கேள்வி, ஓனர் யார், மூக்கு எப்படி அடிபட்டது, ஏன் பந்தயத்தில் ஓடவில்லை, பந்தயக் காருக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, வைத்திருக்கிறவன் நான், கட்டச் சொன்னவர் காற்றோடு போய்விட்டார், ஓனர் யாருன்னு காரைத்தான் கேக்கணும், என்றேன், அவர் சிரிக்கவில்லை, மூக்கு முக்கியம் சார், பந்தயத்துல அடிபட்டுதுன்னு ஒரு சந்தேகம் வந்தாக்கூட வாங்க மாட்டார், என்ன நடந்துச்சு, என்றார், எலுமிச்சம்பழம் நசுக்கும்போது அடிபட்டது என்று உள்ளதைச் சொன்னேன், வாழ்க்கையில் நான் உண்மை சொன்ன சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று, அவர் நம்பவில்லை, பாத்தவங்க யாராவது இருக்காங்களா சார், ஒரு கையெழுத்து போட, என்றார், பூசாரி இல்லை, முதலாளி இல்லை, முதலாளி அம்மா இல்லை, யாரும் இல்லீங்க, என்றேன், வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஏன் இல்லாம, உங்க அம்மிணி கரூர்ல இருக்கறாங்கல்லோ, என்று காப்பித் தம்ளரோடு வந்த தெய்வானை சொன்னாள், என்றைக்கோ யாரிடமோ கேட்டுக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் நம்பர் எழுதி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது, எனக்கு முன்னாலேயே போன் போட்டாள், ஏனுங்க, மூத்தாளைக் குடுக்கப் போறாங்க, வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க, என்றாள், அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, ஞாயித்துக்கெழம வர்றாங்களாம், என்று காப்பியை என் கையில் திணித்தாள், ஒரு வாய் குடித்தேன், உப்பும் புளிப்புமாக இருந்தது, யார் கொடுத்தது அது, இப்போதா அப்போதா.

ஒரே மர அச்சில் மூன்று கார் பிறந்தது, அச்சு நான் செதுக்கியது, கண்ணாடி நாரை விரித்து ரெசின் என்கிற பிசினைத் தடவிக் காயவிட்டு உரித்தால் வண்டியின் உடம்பு, முதல் உடம்பை உரித்தபோது உள்ளே என் உள்ளங்கைத் தடம் பதிந்திருந்தது, அதைத் தேய்க்க மனசு வராமல் விட்டேன், அந்த முதல் கார் பெங்களூர்க்காரர் ஒருவருக்குப் போனது, இரண்டாவது கல்கத்தா போய் எங்கேயோ மிளகாய் மண்டியில் மூட்டைகளுக்கு அடியில் கிடப்பதாகக் கேள்வி, மூன்றாவது இது, முந்தின வருஷப் பந்தயத்துக்குச் சோழவரம் போயிருந்தோம், முதலாளி, வசந்தாமணி, நான், பழைய விமான ஓடுதளம், வெயில் தார் மேலே தண்ணீர் மாதிரி நெளிகிறது, ஓரத்தில் வைக்கோல் கட்டுகள், பெங்களூர்க்காரர் எங்கள் முன்னால் மூன்று தடவை போனார், நாலாவது தடவை வரவில்லை, சத்தம்தான் வந்தது, அப்புறம் புகை, ஓடினோம், வைக்கோல் சிதறிக் கிடக்கிறது, அதற்கு நடுவில் கயிறு கட்டினபடியே ஒரு செருப்பு, செருப்பு இல்லை, பந்தய ஷூ, ஒன்றே ஒன்று, பக்கத்தில் உடைந்த கார் உடம்பின் துண்டு, உட்பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது, அதில் என் கை, ஐந்து விரலும் தெளிவாக, அந்த ஆள் பிழைத்தாரா இல்லையா என்று பிற்பாடு நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள், வசந்தாமணி கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது, அதை மடித்து, இன்னும் மடித்து, மடிக்க முடியாத அளவுக்கு மடித்து, அடுத்த வருஷம் நான், என்றாள், சத்தமாகச் சொல்லவில்லை, எனக்கு மட்டும் கேட்டது, முதலாளிக்குக் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும், வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மாசம் அழுது சண்டை போட்டுத்தான் அப்பாவிடம் வாங்கினாள் அந்த வாக்கை, சித்திரை பொறக்கற வரைக்கும் உன்ற ஆட்டம், அதுக்கப்பறம் நான் காட்டற எடத்துல கழுத்த நீட்டோணும், சரி என்றாள், மூன்றாவது உடம்பை நான் உரித்தபோது உள்ளே கைத்தடம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன், துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தேன்.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை, அந்த ஒன்பது அடி, பிப்ரவரிப் பந்தயம் போயிற்று, போனாப் போகுது, மார்ச்சுக் கடைசியில இன்னொண்ணு இருக்குது, அதுக்குள்ள ஒட்டிரு மேஸ்திரி, என்றாள், ஒட்டிருவேனுங்க, என்றேன், சாயங்காலமானால் வந்துவிடுவாள், காற்சட்டையும் ஆண்பிள்ளைச் சட்டையுமாக, அச்சுக் கொட்டகை வாசலில் நின்று, ஏன் மேஸ்திரி, ரெசின் வந்துச்சா, இன்னும் வரலீங்க அம்மிணி, பம்பாய்ல ஏதோ ஸ்டிரைக்குங்க, மறுநாள், ரெசின் வந்துச்சா, லாரி ஓசூர் தாண்டலையாமுங்க, மறுநாள், வந்ததுங்க, ஆனா மக்கிப் போன சரக்குங்க, திருப்பி அனுப்பிட்டேன், எத்தனை ஸ்டிரைக், எத்தனை லாரி, பொய் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, கூடப் பிறந்த வேலை மாதிரி கை தானாகச் செய்யும், காரின் மூக்கைத் தனியாகக் கழற்றி நான் ஒன்பதே நாளில் ஒட்டிவிட்டேன், அடிக்கு ஒரு நாள், ஒட்டி, உப்புத்தாள் போட்டு, கத்திரிப்பூ வர்ணம் அடித்து, மெழுகு போட்டுத் துடைத்து, உடைந்த தடமே தெரியாமல், என் ஆயுசில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான், செய்து முடித்து, கொட்டகை மூலையில் பழைய அச்சுகளுக்குப் பின்னால் வைத்து, மேலே நாலு சாக்கைப் போட்டு மூடினேன், ராத்திரியெல்லாம் கனவு, மூக்கில்லாத கார் சோழவரத்தில் தனியாக ஓடுகிறது, உள்ளே ஆள் இல்லை, ஸீட்டில் ஒரு ஷூ, கயிறு கட்டினபடியே, முழித்தால் நிம்மதி, மூக்கு சாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, அவளும் மேல்வீட்டில் பத்திரமாகத் தூங்குகிறாள், நான்தான் ஒரு ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன், யாரைக் காப்பாற்றினேன், எதற்காக, அவள் முதலாளி மகள், நான் அச்சு செதுக்குகிறவன், அதற்கு மேல் அந்தக் கேள்விக்குள் போனதில்லை, அந்தக் கதவில் எண் எழுதவில்லை.

மார்ச்சு போயிற்று, சித்திரை பிறந்தது, வைகாசியில் கரூருக்குக் கட்டிக் கொடுத்தார்கள், கல்யாணத்தன்று பந்தி பரிமாறினேன், அவள் இலைக்கு ரசம் ஊற்றும்போது, ரெசின் வந்துச்சா மேஸ்திரி, என்றாள், மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியாமல் சிரித்தார், நான் ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினேன், அவள் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்தக் கருமத்தை என்ற கண்ணு முன்னால இருந்து எடுத்துட்டுப் போயிரு, நீ இடிச்சதும் ஒரு வகையில நல்லதுக்குத்தான், என்றார், டெம்போவில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன், சாக்கை எடுத்து மூக்கை மாட்டினேன், அச்சாகப் பொருந்தியது, ஒரு நூல் பிசகவில்லை, அன்றைக்கு இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து நான் அழுதேனா, அழுதிருக்க மாட்டேன், அப்போது மழை, கொட்டகை ஒழுகும், எல்லாரும் ஆறுதல்தான் சொன்னார்கள், தெய்வானைகூட, கதையில் பாதியைக் கேட்டுவிட்டு, அவங்க விதி அப்படி, நீங்க என்ன பண்ணுவீங்க, என்றாள், மீதிப் பாதியை நான் அவளுக்குச் சொல்லவில்லை, அபிலாஷோ, அன்னிக்கு அது ஓடியிருந்தா இன்னிக்கு இரும்புக் கடையில இருக்கும் சார், நீங்க லக்கி, என்றார், முப்பத்தெட்டு வருஷமாக ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் என்னை மன்னித்துக்கொண்டே இருக்கிறார்கள், எதற்கென்று தெரியாமலே மன்னிக்கிறார்கள், வாய் நிறையச் சர்க்கரையைக் கொட்டி அடைப்பது மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து, ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, சந்துக்கும் சாக்கடைக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி நின்றது, அந்த நிறுத்தலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இறங்கினவள் தலையில் பாதி வெள்ளை, முழங்காலில் பட்டி, ஆனால் சுடிதார், காலில் ஷூ, இந்தத் தடவை புடவை இல்லை, ஏன் மேஸ்திரி, வயசாயிருச்சு உனக்கு, என்றாள், உங்களுக்கு ஆகலீங்களா அம்மிணி, என்றேன், எனக்கும்தான், ஆனா நான் உன்னை மாதிரி மூஞ்சியில போட்டுக்கல, என்றாள், தெய்வானை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு சாய்ந்தது, தட்டில் குங்குமம், கற்பூரம், நாலு எலுமிச்சம்பழம், நான் சொல்லவில்லை, அவளாகவே எடுத்து வைத்திருக்கிறாள், இல்லை, இருவரும் போனில் பேசி வைத்திருக்கிறார்கள், பெண்கள் இருவர் சேர்ந்தால் நமக்குத் தெரிவது கடைசியில்தான், வசந்தாமணி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், வெள்ளை வட்டத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் தொட்டாள், மூக்கின் கீழே கைவிட்டு உட்பக்கத்து ஒட்டைத் தடவினாள், அபிலாஷ் பாரத்தோடு அருகில் போய், மேடம், இது பந்தயத்துல அடிபடலைன்னு நீங்க ஒரு வரி, என்றார், எலுமிச்சம்பழத்துல அடிபட்டுது, எழுதிக்கோங்க தம்பி, என்றாள், ஓனர்னு யார் பேரைப் போட, என்று கேட்டார், என் பேரைப் போடுங்க, வசந்தாமணி, இனிஷியல் எஸ், என்றாள், சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டு, அந்தப் பள்ளத்து ஸீட்டுக்குள் இறங்கினாள், மேடம், கிளப்பாதீங்க, ஒரு அடி நகர்ந்தாக்கூட மதிப்பு போயிடும், என்று அபிலாஷ் பதறினார், அது போகட்டும்னுதான் தம்பி கரூர்ல இருந்து வந்தேன், என்றாள்.

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது, வருஷா வருஷம் கிளப்பி வைத்த கைக்கு அந்த ஒரு மரியாதை, தகரக் கூரை அதிர்ந்து தூசி கொட்டியது, தெய்வானை கற்பூரம் சுற்றினாள், நான் பழங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் குந்தினேன், பின்னால் இரண்டு, முன்னால் இடப்பக்கம் ஒன்று, கடைசியாக முன் வலப்பக்கம், இந்த வாட்டி நாலாவதை நீ குடிச்சறாத, என்று ஸீட்டிலிருந்து வசந்தாமணி சத்தம் போட்டாள், சிரிக்க முயன்றேன், தரை கொஞ்சம் சரிவு, வைத்தால் பழம் உருளுகிறது, மறுபடி வைத்தேன், மறுபடி உருண்டது, விரலால் பிடித்துக்கொண்டேன், நிமிர்ந்தால் அவள் முகம் தெரியும், நிமிரவில்லை, டயரைப் பார்த்துக்கொண்டே, அம்மிணி, என்றேன், அந்த மார்ச்சு மாசம் ரெசின் வரலைன்னு சொன்னனுங்க, மூக்கு ஒன்பது நாள்லயே ஒட்டியாச்சுங்க, சாக்குக்கு அடியில இருந்துச்சு, இன்ஜினை அவள் அணைக்கவில்லை, காலைத் தளர்த்தினாள், சத்தம் தணிந்தது, தெரியும், என்றாள், நீ சாப்பிடப் போயிருந்தப்ப சாக்கைத் தூக்கிப் பாத்தேன், மெழுகு போட்டுத் தொடச்சு வேற வெச்சிருந்தே, அப்புறம் ஏனுங்க கேக்கல, என்றேன், கேட்டனே, தெனமும் வந்து கேட்டனே, ரெசின் வந்துச்சான்னு, தெரிஞ்சுதான் கேட்டேன், இன்னிக்காவது சொல்லுவே, இன்னிக்காவது சொல்லுவேன்னு சித்திரை வரைக்கும் கேட்டேன், என்றாள், என் கைக்குக் கீழே தரை அதிர்கிறது, கரிமணலா சிமெண்டா, தெய்வானை கற்பூரத் தட்டோடு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள், மீதிப் பாதியையும் கேட்டுவிட்டாள், கேட்கட்டும், ஒன்று மட்டும் சொல்லுங்க, என்றேன், குரல் எனக்கே புதிதாக இருந்தது, என்னாலதான நீங்க ஓட்டாமப் போனீங்க, விதி அது இதுன்னு சொல்லாதீங்க, ஆமா, உன்னாலதான், என்றாள், கோபம் இல்லை, இரக்கமும் இல்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள், பயம் எனக்கும் இருந்துச்சு மேஸ்திரி, அந்த ஒத்தை ஷூவை நானும்தான பாத்தேன், ஆனா அது என்ற பயம், அதையும் கூட்டிட்டு நான் வண்டியில ஏறியிருப்பேன், நீ அதையும் சேத்து சாக்கைப் போட்டு மூடிட்டே, இப்பக் கையை எடு, எடுத்தேன், பழம் உருளவில்லை.